கார் இரவெல்லாம் இழுக்கும், கம்பி தாங்குமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழில் மின்சாரக் கார்களைப் பற்றி வரும் செய்திகளை விடாமல் படித்து வருகிறேன். ஒருமுறை சார்ஜ் போட்டால் எத்தனை கிலோமீட்டர் ஓடும், பெட்ரோல் செலவோடு ஒப்பிட்டால் மாதம் எவ்வளவு மிச்சமாகும் என்பதெல்லாம் அவற்றில் தெளிவாகவே இருக்கின்றன. ஆனால் அந்தக் காரை வாங்கிவந்து வாசலில் நிறுத்திய பிறகு எந்தப் பிளக் பாயிண்டில் சொருகுவது, அதற்குப் பின்னால் சுவருக்குள் ஓடும் கம்பி எத்தனை மணி நேரம் அந்தச் சுமையைத் தாங்கும் என்பது பற்றி ஒரு வரியும் என் கண்ணில் படவில்லை. கடலூரில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வீட்டு வயரிங் வேலை செய்துவரும் மின்கம்பியாளன் என்ற முறையில், அந்த ஒன்றைப் பற்றி மட்டும் விரிவாக எழுத விரும்புகிறேன். கடிதம் நீண்டால் பொறுத்துக்கொள்ள வேண்டும். அரைகுறையாகச் சொன்னால் ஆபத்தில் முடியக்கூடிய விஷயம் இது.

சென்ற சித்திரையில் மஞ்சக்குப்பத்தில் என் மைத்துனர் மகன் ஒரு மின்சாரக் கார் வாங்கினான். கார் விற்ற நிறுவனத்திலிருந்து வந்த இளைஞர் போர்ட்டிகோவில் இருந்த 16 ஆம்பியர் பவர் பிளக்கை ஒரு பார்வை பார்த்து, இதுவே போதும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்தப் பிளக் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் துணி துவைக்கும் இயந்திரத்துக்காகப் போட்டது. அதற்கான கம்பியும் மெயின் போர்டிலிருந்து தனியாக வந்ததன்று, மோட்டார் ரூமுக்குப் போகும் லைனிலிருந்து இழுத்துக் கொடுத்தது. முதல் சில நாட்கள் ஒன்றும் தெரியவில்லை. அக்னி நட்சத்திரம் தொடங்கியதும், சார்ஜில் போட்ட இரண்டு மணி நேரத்துக்கெல்லாம் எம்.சி.பி., அதாவது மின்னோட்டம் அளவு மீறினால் தானே விழுந்து லைனைத் துண்டிக்கும் சுவிட்ச், விழத் தொடங்கியது. காலையில் எழுந்து பார்த்தால் கார் பாதி சார்ஜில் நிற்கும். யாரோ ஒரு எலெக்ட்ரீஷியனை அழைத்திருக்கிறார்கள். அவர் 16 ஆம்பியர் எம்.சி.பி.யைக் கழற்றிவிட்டு 32 ஆம்பியரை மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். அதற்குப் பிறகு எம்.சி.பி. விழவே இல்லை. மூன்று வாரம் கழித்து, நள்ளிரவு இரண்டு மணிக்கு, தூக்கம் வராமல் முன் அறையில் படுத்திருந்த பாட்டிக்கு ரப்பர் கருகும் வாடை வந்தது. எழுந்து போய்ப் பார்த்தால், பிளக் பாயிண்ட் உருகிச் சார்ஜரின் பிளக்கோடு ஒட்டிக்கொண்டு, சுவர் ஒரு முழம் உயரத்துக்குக் கறுத்திருந்தது. மெயினை அணைத்ததால் அதோடு போயிற்று.

மறுநாள் நான் போனபோது அவன் என்னிடம் கேட்டது இதுதான்: "எம்.சி.பி. விழவே இல்லையே மாமா, அப்போ எல்லாம் சரியாத்தானே இருந்திருக்கணும்?" படித்த பிள்ளை, பொறியியல் பட்டதாரி. அவனுக்கே இந்தச் சந்தேகம் வருமென்றால் மற்றவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

நம் வீடுகளின் வயரிங் எந்தக் கணக்கில் போடப்பட்டது என்பதை முதலில் பார்க்க வேண்டும். மிக்ஸி 750 வாட் இழுக்கும், ஆனால் ஐந்து நிமிடம்தான். இஸ்திரிப் பெட்டி 1000 வாட். சூடு ஏறியதும் தானே அணைந்து, ஆறியதும் மறுபடி பற்றிக்கொள்ளும். வெந்நீர் ஹீட்டர் 2000 வாட் என்றாலும் கால் மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். போர் மோட்டார் தொட்டி நிரம்பும் வரை ஓடும். ஏ.சி.யின் கம்ப்ரஸர்கூட அறை குளிர்ந்த பிறகு விட்டு விட்டுத்தான் ஓடும், அல்லது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இப்படி எல்லாமே வந்து வந்து போகும் சுமைகள். இடைவெளியில் கம்பியும் சுவிட்சும் பிளக்கும் ஆறிவிடுகின்றன. எல்லாச் சாதனங்களும் ஒரே நேரத்தில் முழுவீச்சில் ஓடப்போவதில்லை என்ற நம்பிக்கையும் அந்தக் கணக்கில் உண்டு. அது தவறான நம்பிக்கையும் இல்லை, அப்படிக் கணக்கிடாவிட்டால் ஒவ்வொரு வீட்டுக்கும் விரல் தடிமனில் கம்பி இழுக்க வேண்டியிருக்கும்.

காரோடு தரப்படும் சார்ஜர் பெரும்பாலும் 3.3 கிலோவாட் அளவுடையது. 230 வோல்ட்டில் அது ஏறத்தாழ 14.3 ஆம்பியர். ஹீட்டரைவிட ஒன்றரை மடங்குதான் அதிகம், இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். இருப்பது நேரத்தில். 30 யூனிட் பேட்டரி காலியாக வந்து நின்றால், அந்த 14.3 ஆம்பியரை ஒன்பது, பத்து மணி நேரம், ஏறக்குறைய ஒரு நொடியும் இடைவெளி விடாமல் இழுக்கும். நம் வீட்டுக் கம்பிகள் இதற்கு முன் இப்படியொரு சுமையைச் சந்தித்ததே இல்லை. அமெரிக்காவின் தேசிய மின் விதித்தொகுப்பு, மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தொடர்ந்து ஓடும் சுமையைத் தனி வகையாகவே பிரித்து வைத்திருக்கிறது. அத்தகைய சுமைக்கு அதன் அளவைவிடக் கால் பங்கு கூடுதல் திறனுள்ள சர்க்யூட் வேண்டும் என்பது விதி. அதாவது 16 ஆம்பியர் இழுக்கும் கார் சார்ஜருக்கு 20 ஆம்பியர் சர்க்யூட், 32 ஆம்பியர் இழுப்பதற்கு 40 ஆம்பியர் சர்க்யூட். இங்கிலாந்தில் வீட்டுப் பிளக் பாயிண்ட் 13 ஆம்பியர் அளவுடையது. ஆனால் அதில் சொருகும் கார் சார்ஜரை அங்கே பொதுவாக 10 ஆம்பியரோடு நிறுத்திவிடுகிறார்கள். நாமோ 16 ஆம்பியர் பிளக்கில், அதுவும் பழைய பிளக்கில், பதினான்கரை ஆம்பியர் வரை விடிய விடிய இழுக்கிறோம்.

இனி அந்தப் பிளக் ஏன் உருகியது என்பதற்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். கம்பியிலோ இணைப்பிலோ உண்டாகும் சூடு, மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று பள்ளியில் படித்திருப்போம். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். பிளக் பாயிண்டின் பின்பக்கத்தில் கம்பியைப் பிடித்திருக்கும் திருகு லேசாகத் தளர்ந்து, அந்த இடத்தில் வெறும் 0.1 ஓம் மின்தடை ஏற்பட்டதாக வைத்துக்கொள்வோம். அதில் ஒரு மின்விசிறி ஓடினால் அந்தத் திருகில் உண்டாகும் சூடு ஒரு வாட்டில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்குதான். நூறாண்டு ஓடினாலும் யாருக்கும் தெரியாது. 14.3 ஆம்பியர் ஓடினால் அதே திருகில் 20 வாட் சூடு உண்டாகும். ரேடியோ பழுதுபார்க்கும் கடைகளில் ஈயம் உருக்க வைத்திருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். கிட்டத்தட்ட அப்படியொரு கருவியைத் தீப்பெட்டி அளவுப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்துச் சுவரில் மூடிவிட்டு, எட்டு மணி நேரம் எரியவிடுவதற்குச் சமம் இது. சூட்டில் பித்தளை விரியும், ஆறும்போது சுருங்கும். ஒவ்வொரு இரவும் திருகு இன்னும் கொஞ்சம் தளரும், மின்தடை இன்னும் கொஞ்சம் ஏறும். அதனால்தான் முதல் நாள் ஒன்றும் ஆகாமல், இருபதாவது நாள் கருகுகிறது. கடற்கரைக் காற்றில் உப்பேறிப் பச்சை பூத்த பித்தளைத் தகடுகளைத் தேவனாம்பட்டினம் பக்கத்து வீடுகளில் எத்தனையோ கழற்றிப் போட்டிருக்கிறேன். அப்படிப்பட்ட பிளக்குக்கு இருபது நாள்கூடத் தேவைப்படாது.

இந்தச் சூடு எம்.சி.பி.க்குத் தெரியாது என்பதுதான் என் மைத்துனர் மகனின் கேள்விக்கு விடை. எம்.சி.பி. தன் வழியாக எத்தனை ஆம்பியர் போகிறது என்பதை மட்டுமே அளக்கும். பிளக் உருகிக்கொண்டிருந்த நேரத்திலும் போனது அதே 14.3 ஆம்பியர்தான். இன்னும் சொல்லப்போனால், 16 ஆம்பியர் என்று எழுதியிருக்கும் எம்.சி.பி. 16ஐத் தாண்டிய உடனே விழுந்துவிடும் என்பதும் உண்மையில்லை. அதற்கான தர விதிப்படி, எழுதிய அளவைப் போல் 1.13 மடங்கு, அதாவது 18 ஆம்பியர் வரை அது ஒரு மணி நேரத்துக்கு விழக் கூடாது, 1.45 மடங்கு, அதாவது 23 ஆம்பியர் போனால் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும். இந்த அளவுகளும் 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் குறித்தவை. மே மாதத்தில் மேற்கு வெயில் வாங்கிய சுவரில், காற்றுப் புகாத பெட்டிக்குள், பக்கத்தில் ஏ.சி.யின் எம்.சி.பி.யும் சூடாகிக்கொண்டிருக்கும்போது, அது எழுதிய அளவுக்குக் குறைந்த மின்னோட்டத்திலேயே விழக்கூடும். அந்த வீட்டில் அது விழுந்ததற்குக் காரணம் பழுதாக இருக்க வேண்டிய அவசியமில்லை. இந்தப் பெட்டி சூடாகிறது, இந்த லைன் இந்த வேலைக்கு ஆகாது என்று அது தனக்குத் தெரிந்த ஒரே மொழியில் சொல்லிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றி 32ஐ மாட்டியவர் அந்த வாயை அடைத்தார். பிளக் உருகியது தளர்ந்த திருகினால். குளிர்காலமாக இருந்திருந்தால் 16 ஆம்பியர் எம்.சி.பி.கூட விழாமலே அது உருகியிருக்கலாம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் போர்டைத் திறந்து பார்க்க ஒரு காரணம் கிடைத்திருந்தது, அதை வீணாக்கினார்கள். விழுகிற எம்.சி.பி.க்குப் பதிலாகப் பெரிய எம்.சி.பி. போடுவதை என் தொழிலில் இருப்பவர்கள் ஒரு தீர்வாகச் செய்வதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. கம்பியை மாற்றாமல் எம்.சி.பி.யை மட்டும் பெரிதாக்கினால், அந்தக் கம்பிக்குக் காவலே இல்லை என்று பொருள்.

அந்த லைனில் இருந்த கம்பி 1.5 சதுர மில்லிமீட்டர். சரி, 2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியாக இருந்தால் போதுமா என்று பலர் கேட்கிறார்கள். கடைகளில் அட்டைப் பெட்டியின் மேல் பார்த்தால் இருபதுக்கு மேற்பட்ட ஆம்பியர் போட்டிருக்கும். சர்வதேச அட்டவணைப்படியும் சுவருக்குள் பைப்பில் போகும் 2.5 கம்பி, 30 டிகிரி வெப்பத்தில் 24 ஆம்பியர் தாங்கும். ஆனால் நம் கோடையில் 40 டிகிரி என்று எடுத்தால் அது 21 ஆகக் குறையும். அதே பைப்பில் இன்னொரு சர்க்யூட்டின் கம்பியும் சுமையோடு போனால் சுமார் 17 ஆகும். மூன்று சர்க்யூட்டுகள் ஒரே பைப்பில் போனால் 14.6தான். கான்கிரீட் போடும்போது பைப்புக்குச் செலவு மிச்சம் பிடிக்க நாலு லைனை ஒரே பைப்பில் திணித்த வீடுகள் நம் ஊரில் எத்தனை என்பது எனக்குத் தெரியும். சிலவற்றைத் திணித்தவனே நான்தான், அன்று அது தவறாகவும் தெரியவில்லை. காருக்கு வேண்டிய 14.3க்கும் அந்த 14.6க்கும் இடையே ஒரு மயிரிழைதான் இடைவெளி. அதனால்தான் காருக்கென்று மெயின் போர்டிலிருந்து தனியே ஒரு பைப்பில், நடுவே ஒட்டு இல்லாமல், 4 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி இழுத்து, தனி எம்.சி.பி.யோடு முடிக்க வேண்டும் என்று சொல்கிறேன். 7.2 கிலோவாட் சுவர்ச் சார்ஜர் என்றால் அது 31 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 4 சதுர மில்லிமீட்டர் கம்பி 40 டிகிரியில் 28 ஆம்பியரோடு நின்றுவிடும் என்பதால், அதற்கு 6 சதுர மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. சுவர்ச் சார்ஜரில் ஒரு நன்மையும் உண்டு: கம்பி நேராக அதன் டெர்மினலில் போய் முடிவதால், நடுவில் சூடாகும் பிளக் ஒன்று குறைகிறது.

பழைய வீடுகளின் கதை வேறு. திருப்பாதிரிப்புலியூரிலும் புதுப்பாளையத்திலும் நாற்பது ஐம்பது ஆண்டு வீடுகளில் மரச்சட்டத்தின் மேல் போட்ட வயரிங் இன்னும் இருக்கிறது. அன்று எத்தனை இழை, இழை எந்தக் கேஜ் என்ற கணக்கில் 3/22, 3/20, 7/20 என்றுதான் கம்பியைச் சொல்வோம். அவற்றில் 3/22 என்பது இன்றைய கணக்கில் 1.2 சதுர மில்லிமீட்டர். 3/20 கிட்டத்தட்ட 2. பழைய வீடுகளில் அலுமினியக் கம்பிகளும் உண்டு. அலுமினியம் அதே தடிமனுள்ள செம்பைவிடக் குறைவாகவே தாங்கும், செம்போடு முறுக்கிய இடத்தில் காலப்போக்கில் அரித்தும் போகும். இத்தகைய வீட்டில் எந்தப் பிளக்கிலும் காரைச் சொருகக் கூடாது. இதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை.

காரும் சார்ஜரும் தமக்குள் பேசிக்கொள்கின்றனவே, அவை பார்த்துக்கொள்ளாதா என்று கேட்பவர்களும் உண்டு. பேசிக்கொள்வது உண்மைதான். நான் இத்தனை ஆம்பியர் வரை தருவேன் என்று சார்ஜர் ஒரு சிறு மின்சைகை மூலம் காருக்குச் சொல்லும். கார் அதற்கு மேல் இழுக்காது. ஆனால் சுவருக்குள் இருக்கும் கம்பி என்ன தடிமன், எந்தப் பைப்பில் எத்தனை கம்பிகளோடு போகிறது, திருகு இறுகியிருக்கிறதா என்பதெல்லாம் சார்ஜருக்கும் தெரியாது, காருக்கும் தெரியாது. அதை ஒரு மனிதன் போர்டைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும்.

எர்த் விஷயத்தில் மட்டும் சார்ஜர் கண்டிப்பாக இருக்கும். எர்த் சரியில்லை என்றால் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டுச் சார்ஜ் ஏற்றாமல் நின்றுவிடும். கடலூர் மணற்பாங்கான ஊர். மழைக்காலத்தில் நன்றாக இருக்கும் எர்த் குழி, பங்குனி, சித்திரையில் மணல் உலர்ந்ததும் வேலை செய்யாது. புதைத்த இரும்புக் குழாயை உப்பு நீர் சில ஆண்டுகளில் தின்றுவிடும். இதற்குப் புதிய எர்த் குழி தோண்டுவதுதான் வழி. ஆனால் சிலர் பிளக் பாயிண்டின் உள்ளேயே எர்த்தையும் நியூட்ரலையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துச் சார்ஜரை ஏமாற்றுகிறார்கள். உடனே பச்சை விளக்கு எரியும், வீட்டுக்காரரும் மகிழ்ச்சியோடு கூலி கொடுத்து அனுப்புவார். என்றைக்காவது கம்பத்திலோ போர்டிலோ நியூட்ரல் அறுந்தால், 230 வோல்ட் அந்தத் துண்டுக் கம்பி வழியாகக் காரின் உடலுக்கே வந்து சேரும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று கதவைத் திறக்கும் குழந்தையின் நிலையை நினைத்துப் பார்க்க முடியவில்லை. காரின் லைனுக்கென்று 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் தடுப்பான் ஒன்றும் தனியாகத் தேவை. அதுவும் குறைந்தது ‘ஏ’ வகையாக இருக்க வேண்டும். கார் சார்ஜரிலிருந்து கசியக்கூடிய நேர்மின்னோட்டம், மாறுமின்னோட்டக் கசிவை மட்டுமே உணரும், மலிவாகக் கிடைக்கும் ‘ஏ.சி.’ வகைத் தடுப்பானைக் குருடாக்கிவிடக்கூடும்.

பிளக்கின் உயரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலுக்குப் பின் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த நீரால் தென்பெண்ணை கரைபுரண்டபோது நீர் புகுந்த பகுதிகளில், முழங்கால் உயரத்தில் இருந்த பிளக்குகள் எல்லாம் சேறு குடித்தன. அவற்றைக் காயவைத்து மறுபடி பயன்படுத்துகிற வீடுகள் உண்டு. விளக்குக்கும் டி.வி.க்கும் எப்படியோ ஓடிவிடும், காருக்கு ஓடாது. வெள்ளம் ஏறிய அடையாளம் சுவரில் இன்னும் தெரியும் வீடுகளில், அந்தக் கோட்டுக்கு மேல்தான் காரின் பிளக்கைப் போட வேண்டும்.

வீட்டைத் தாண்டியும் இது போகிறது. ஒவ்வொரு மின் இணைப்புக்கும் அனுமதிக்கப்பட்ட மின்பளு என்று ஒன்று உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் இரண்டு டியூப்லைட்டும் மூன்று மின்விசிறியும் இருந்த காலத்தில் வாங்கிய ஒருமுனை (சிங்கிள் ஃபேஸ்) இணைப்பிலேயே இன்று இரண்டு ஏ.சி., ஹீட்டர் எல்லாம் ஓடுகின்றன. பளுவை உயர்த்தி எழுதிக் கொடுத்தவர் சிலரே. அதன் மேல் 7.2 கிலோவாட் கார் ஏறினால் மீட்டர், சர்வீஸ் ஒயர், கம்பத்து ஃபியூஸ் கட்டை எல்லாமே திணறும். தெரு டிரான்ஸ்பார்மரை எடுத்துக்கொள்ளுங்கள். 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் ஒரு முனைக்குச் சுமார் 130 ஆம்பியர் தரக்கூடியது. ஒரே முனையில் இருக்கும் நான்கு வீடுகள் இரவு பத்து மணிக்கு 32 ஆம்பியர் சார்ஜரைப் போட்டால் 128 ஆம்பியர் அதிலேயே போய்விடும். மற்ற வீடுகளின் மின்விசிறிக்கு என்ன மிஞ்சும்? நெய்வேலியில் 1962 முதல் மின்சாரம் எடுக்கும் மாவட்டம் நம்முடையது. பழுப்பு நிலக்கரிக்கும் குறைவில்லை, மின்கோபுரங்களுக்கும் குறைவில்லை. அங்கிருந்து மாநில எல்லை தாண்டிப் போகும் மின்சாரம், நம் தெருவின் கடைசி ஐம்பது மீட்டரிலும் சுவருக்குள் கடைசி இருபது மீட்டரிலும்தான் சிக்கிக்கொள்கிறது.

இவ்வளவும் படித்துவிட்டு மின்சாரக் காரே வேண்டாம் என்று யாரும் முடிவெடுத்துவிடக் கூடாது. கடலூரில் குடியிருந்து புதுச்சேரிக்கு வேலைக்குப் போய்வரும் ஒருவர் ஒரு நாளில் ஓட்டுவது சுமார் 50 கிலோமீட்டர். யூனிட்டுக்கு 6 முதல் 7 கிலோமீட்டர் என்று வைத்தால் 8 யூனிட் போதும். பல கார்களிலும் சார்ஜர்களிலும் மின்னோட்டத்தைக் குறைத்து வைத்துக்கொள்ளும் வசதி உண்டு. 10 ஆம்பியரில் வைத்தாலே அந்த 8 யூனிட் மூன்றரை மணி நேரத்தில் ஏறிவிடும். இரவு எட்டு மணி நேரம் விட்டால் 18 யூனிட், அதாவது நூறு கிலோமீட்டருக்கு மேல். 14.3லிருந்து 10க்கு இறங்கினால் திருகில் உண்டாகும் சூடு பாதியாகக் குறைந்துவிடுகிறது, வர்க்கக் கணக்கு இறங்கும்போது நமக்கு உதவுகிறது. வாரத்தில் ஆறு நாள் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டுபவர், கடைக்காரர் சொன்னார் என்பதற்காக 7.2 கிலோவாட் சார்ஜர் மாட்டுவது, இட்லிக்கு மாவரைக்கக் கல்யாண மண்டபத்துக் கிரைண்டரை வாங்கி வைப்பதைப் போலத்தான். வேகமாக ஏற வேண்டும் என்ற தேவை உண்மையாகவே இருப்பவர் மும்முனை இணைப்புக்கும் தனிக் கம்பிக்கும் செலவு செய்யட்டும்.

சட்டம் இதற்குத் தடையாக இல்லை. வீட்டில் இருக்கும் மின் இணைப்பிலேயே வாகனத்துக்குச் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று மத்திய மின்துறை அமைச்சகத்தின் 2022 ஜனவரி வழிகாட்டு நெறிகளே அனுமதி தந்தன. விரும்புவோர் வாகனத்துக்கென்று தனி இணைப்பே பெறலாம் என்று மின்நுகர்வோர் உரிமை விதிகளில் 2024 பிப்ரவரியில் திருத்தமும் வந்தது. அனுமதி இருப்பதால் பாதுகாப்பும் இருக்கிறது என்று மக்கள் எடுத்துக்கொள்வதுதான் சிக்கல்.

ஆகவே என் வேண்டுகோள்கள் சில. கார் விற்கும் நிறுவனங்கள், உரிமம் பெற்ற மின்கம்பியாளர் ஒருவர் வீட்டின் மெயின் போர்டு, கம்பி, எர்த் மூன்றையும் சோதித்துக் கையெழுத்திட்ட அறிக்கை இல்லாமல் சார்ஜரை ஒப்படைக்கக் கூடாது. பல லட்சம் ரூபாய் காரில் இந்தச் செலவு சுண்டைக்காய். மின் பகிர்மானக் கழகம், இன்னும் நாம் ஈ.பி. என்றே அழைக்கும் அந்தத் துறை, கார் வாங்குவோர் பளுவை உயர்த்தி எழுதிக் கொடுப்பதை எளிதாக்கி, எந்த டிரான்ஸ்பார்மரின் எந்த முனையில் எத்தனை கார்கள் சேர்கின்றன என்பதைப் பிரிவு அலுவலகத்திலேயே ஒரு பதிவேட்டில் குறித்து வர வேண்டும். அப்படிக் குறித்திருந்தால், நான்காவது கார் வரும்போது அதை வேறு முனைக்கு மாற்றிக் கொடுப்பது லைன்மேனுக்கு அரை மணி நேர வேலை. ஏற்கெனவே கார் வைத்திருப்பவர்கள் இன்றிரவே ஒன்று செய்யலாம்: சார்ஜ் போட்டு ஒரு மணி நேரம் கழித்து, மெயின் போர்டின் மூடியையும் பிளக் பாயிண்டின் முகப்பையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் 10 ஆம்பியருக்குக் குறைத்துவிட்டு வயர்மேனை அழையுங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் அன்றைக்குச் சார்ஜை நிறுத்திவிடுங்கள்.

என் மைத்துனர் மகன் வீட்டில் தனி லைன் இழுத்து, புதிய எர்த் குழி போட்டு, இப்போது 10 ஆம்பியரில் சார்ஜ் ஏறுகிறது. கருகிய அந்தப் பிளக்கையும் அதனுள் பாதி உருகிய திருகையும் ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். மின்நுகர்வோர் குறைதீர் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேச ஐந்து நிமிடம் தந்தால், அதை அதிகாரிகளின் மேசையில் வைக்க நான் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகரான மின்கம்பியாளர் ஒருவர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.